முதல் சென்சார் வாங்கும் முன்

அறிவியல் கண்காட்சி நெருங்கினால், "அத்தா, சென்சார் வாங்கணும்" என்று பிள்ளைகள் பட்டியலை நீட்டுவார்கள். கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தும் கண்காட்சி நாளில் கருவி ஓடவில்லை என்றால், பணம் போனதைவிடப் பிள்ளையின் ஆர்வம் போவதுதான் பெரிய நட்டம். பல நேரம் சென்சார் நன்றாகவே இருக்கும். போர்டுக்கு அது பொருந்தாததுதான் காரணம்.

போர்டைப் பாருங்கள்

வெப்பம், வெளிச்சம், ஈரம் எல்லாம் சிறிது சிறிதாகக் கூடிக் குறைபவை. அனலாக் சென்சார் அவற்றை மின்னழுத்தமாகத் தருகிறது. அதை எண்ணாக மாற்றும் பகுதிக்கு ஏ.டி.சி. என்று பெயர். அர்டுயினோ ஊனோவில் அது 10 பிட். 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். ஈ.எஸ்.பி.32 போர்டில் 12 பிட், 4096 படிகள். ஆனால் அதன் முனைகளுக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ராஸ்பெர்ரி பை 4 போர்டில் ஏ.டி.சி. கிடையாது, எம்.சி.பி.3008 போன்ற சிப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு ஊனோவே போதும்.

மூன்று சென்சார்கள்

1. வெளிச்சம்: எல்.டி.ஆர். விலை குறைவு, முதல் பாடத்துக்கு ஏற்றது. ஒரு காலை 5 வோல்ட்டிலும் மறு காலை ஏ0 முனையிலும் இணைத்து, ஏ0 முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடவும். வெளிச்சம் கூடினால் எண் கூடும். கையால் மறைத்துப் பார்த்தாலே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

2. வெப்பம்: எல்.எம்.35. ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட். 30 டிகிரியில் 300 மில்லிவோல்ட். ஊனோவில் சுமார் 61 என்று காட்டும். இதற்குக் குறைந்தது 4 வோல்ட் மின்சாரம் வேண்டும். 3.3 வோல்ட்டில் இணைத்துவிட்டு "சென்சார் கெட்டுப்போச்சு" என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு. அந்த இடத்துக்கு டி.எம்.பி.36 பொருந்தும்.

3. மண் ஈரம். சத்தியமங்கலத்து மல்லிகைத் தோட்டத்துக்கு ஏற்ற சோதனை இது. இரண்டு கம்பி நீட்டிய வகை மலிவு. ஆனால் ஈர மண்ணில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் கம்பி அரித்துவிடும். கெப்பாசிட்டிவ் வகை நீடித்து உழைக்கும். காய்ந்த மண்ணில் ஒரு எண், நன்றாக நனைந்த மண்ணில் ஒரு எண் குறித்துக்கொண்டால், எப்போது தண்ணீர் விடலாம் என்று பிள்ளையே சொல்லும்.

கடையில் கேட்க வேண்டியவை

எத்தனை வோல்ட்டில் ஓடும்? வெளியே வருவது அனலாக்கா, டிஜிட்டலா? நம் போர்டு எத்தனை வோல்ட் தாங்கும்? இம்மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பணம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எல்லாச் சோதனையும் யு.எஸ்.பி. அல்லது பேட்டரியில் மட்டுமே. வீட்டு 230 வோல்ட் இணைப்பில் பிள்ளைகள் கை வைக்கவே கூடாது. தண்ணீர் மோட்டாரை இயக்கும் ஆசை வந்தால், பெரியவர் ஒருவரும் எலக்ட்ரீசியனும் பக்கத்தில் இருக்கட்டும்.