புட்டாக் கணக்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. போன வாரம் கல்யாண வீட்டில் "என்னம்மா பண்றே?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "சும்மா ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கேன்" என்றாய். 'டீச்சர்' என்ற சொல் உன் வாயில் வரவே இல்லை. பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வந்தவள், ஆணையில் 'தற்காலிகம்', வருகைப் பதிவேட்டில் உன் பெயர் கடைசியில் தனியாக. எல்லாம் உன் அம்மா சொன்னாள்.

ஆசிரியர் அறையில், யார் எப்படி வந்தார்கள் என்பதை வைத்து எந்தக் காலத்திலும் ஒரு வரிசை இருக்கும். நாங்கள் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வந்தோம். 2012-ல் தகுதித் தேர்வு வந்தது. அதில் தேறி வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதே வருஷம் தையல், ஓவியம் கற்பிக்க 5,000 ரூபாய்க்கு வந்த பகுதிநேர ஆசிரியர்களை நாங்கள் மதிக்கவே இல்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பணி முடிய ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற பழையவர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றுவிட்டது. வரிசையே கலைந்தது.

மாதம் 1,000 ரூபாய்க்கு 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்பை நம் திண்ணையில்தானே எடுத்தாய்? எதிர்வீட்டுத் தறிக்காரர் பையன் 52-ல் 17-ஐக் கழிக்கத் தெரியாமல் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "உங்கப்பா 52 புட்டா போடணும், 17 போட்டாச்சு, மிச்சம் எவ்வளவுடா?" என்றாய். தலை நிமிராமல் "35" என்றான். அதோடு விடாமல், அந்த 35 எப்படி வந்தது என்று அவனையே பலகையில் எழுத வைத்தாய். பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தக் கடைசிப் படி பிடிபடப் பத்து வருஷம் ஆனது.

உன்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. கை வேலை தெரிந்தால் போதும், காகிதம் எதற்கு என்று மட்டும் இருந்துவிடாதே. தகுதித் தேர்வுக்குப் பிறகு, 2018-ன் 149-ஆம் அரசாணைப்படி போட்டித் தேர்வும் உண்டு, இரண்டையும் எழுது. 2022-ல் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய் என்று ஆரம்பித்தார்களே, அது கூலியா என்று சங்கத்தில் சேர்ந்து கேட்பதும் தப்பில்லை.

தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்வி; முப்பது குழந்தை மேம்பாடு. அந்தப் பகுதிக்கு என்னிடம் பழைய குறிப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வா, சேர்ந்து பார்க்கலாம்.

பெரியப்பா