பட்டம் பெற்று ஊர் திரும்பும் இளைஞர்: உடல்நலமும் புதுவாழ்வும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஒரு குடும்பம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, ஆடு மாடு விற்று, நகையை அடகு வைத்து ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. அப்பிள்ளை பட்டம் பெற்று வீடு திரும்பிய பின் வரும் முதல் ஓராண்டு எவ்வாறு கழிகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தே அவ்வளவு செலவும் உழைப்பும் பயன் தருகின்றன. அந்த ஓராண்டைக் குறித்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இது ஏதோ சில வீடுகளுக்கு மட்டும் உரிய பொருள் என்று எண்ண வேண்டா. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வரையுள்ள வயதினரின் தொகையோடு ஒப்பிடுமிடத்து, உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் இந்தியா முழுமைக்கும் 100க்கு 28.4 பேர், தமிழ்நாட்டிலோ 47 பேர். அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் பொருட்டு, மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022லும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024லும் தொடங்கப்பட்டன. ஊருக்கு ஒரு பட்டதாரி என்றிருந்த காலம் போய், தெருவுக்குப் பலர் என்னும் காலம் வந்துவிட்டது. ஆகையால் இவர்களுடைய நலம் ஊர் நலத்தின் ஒரு பகுதியே ஆகும்.

மணி அடிக்காத வீடு

கல்லூரியில் இருந்தவரை எழுவதற்கும் உண்பதற்கும் உறங்குவதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. வீட்டில் மணி அடிப்பார் இல்லை. வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் இளைஞர் நள்ளிரவு கடந்தும் கைப்பேசியை நோக்கியிருக்கிறார்; காலை பத்து மணிக்கு எழுகிறார்; காலை உணவு தவறுகிறது; பதினொரு மணிக்குத் தேநீரும் வடையும் உணவாகின்றன. இதனைச் சோம்பல் என்று பெற்றோர் கடிந்துகொள்கின்றனர். கடிந்துகொள்வதால் பயன் விளைவதில்லை. காரணத்தை அறிதல் வேண்டும்.

நம் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. காலை வெளிச்சம் கண்ணில் படுவதால்தான் அது நாள்தோறும் சரிப்படுத்தப்படுகிறது. இரவில் வெளிச்சம் மிகுந்து, காலை வெயிலைக் காணாதவருக்கு அக்கடிகாரம் பிந்திப்போகிறது. படுத்தாலும் உறக்கம் வருவதில்லை. மருந்து எளியது. முந்திய இரவு எப்போது உறங்கியிருப்பினும், குறித்த நேரத்தில் எழுந்து அரை மணி நேரமேனும் வெளியில் நடமாடச் செய்தல் வேண்டும். காலையில் பால் கறந்து சங்கத்திற்கு எடுத்துச் செல்லும் பொறுப்பையோ, வயலுக்கு நீர் பாய்ச்சும் பொறுப்பையோ அவரிடம் ஒப்படைத்தால், ஓரிரு வாரங்களில் உறக்கம் சீர்ப்படுவதைக் காணலாம். வயது வந்தோர்க்கு நாள்தோறும் ஏழு மணி நேர உறக்கமேனும் தேவை.

ஒரே பானைச் சோறு, இருவேறு உடல்கள்

உழவர் வீட்டில் தந்தையும் மகனும் ஒரே பானைச் சோற்றை உண்கின்றனர். தந்தை பகல் முழுதும் மண்வெட்டி பிடிக்கிறார். மகன் நாற்காலியில் அமர்ந்து தேர்வுக்குப் படிக்கிறார். அரிசிச் சோறு உடலுக்குள் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. உழைக்கும் தசைகள் அதனை எடுத்துச் செலவிடுகின்றன. உழையாத உடலில் அது மிஞ்சிக் கொழுப்பாகப் படிகிறது; ஆண்டுகள் செல்லச் செல்ல நீரிழிவுக்கு வழி திறக்கிறது. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்றும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாயிலில் நிற்கின்றனர் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையோடு நடந்து 2023ல் வெளியான ஆய்வு கூறுகிறது. இந்நோயின் விதை பெரும்பாலும் இளமையிலேயே ஊன்றப்படுகிறது.

எனவே, அமர்ந்து படிப்பவரின் தட்டில் சோற்றைக் குறைத்துப் பயறு, சுண்டல், கீரை, காய்கறி, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுதல் வேண்டும். இவற்றிற்காகப் பட்டணத்துக் கடைகளை நாட வேண்டுவதில்லை. நம் நிலத்தில் விளையும் நிலக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உள்ளது. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரைக்கு ஈடான கீரை அரிது. இவற்றை விளைவித்து விற்றுவிட்டு, அந்தக் காசில் பொட்டலத் தின்பண்டம் வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் பெருகி வருவதை நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.

வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியுள்ளது. நாள் ஒன்றுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் விரைந்து நடந்தால் இக்கணக்கு நிறைவுறும். கபடியும் கைப்பந்தும் ஆடினால் மேலும் நன்று. புகையிலையும் மதுவும் பெரும்பாலும் காத்திருக்கும் காலத்தின் வெறுமையில்தான் பழக்கமாகின்றன. மாலைப் பொழுது விளையாட்டுத் திடலில் கழியுமானால் அவற்றிற்கு இடம் குறையும்.

பெண் பட்டதாரிகளின் நலம்

2019–21ல் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகை உடையோர். எளிதில் களைத்தல், படி ஏறினால் மூச்சு வாங்குதல், படித்தது மனத்தில் நில்லாமை ஆகியன இதன் அறிகுறிகள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 12 கிராமுக்குக் குறைந்தால், கருவுறாத பெண்ணுக்கு அது சோகையாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கான சோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் ஏறுவது குறையும். எலுமிச்சையும் நெல்லிக்கனியும் சேர்த்தால் கூடும். உண்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்துவது நன்று.

மகள் பட்டம் பெற்று வந்தவுடன், அடுத்த முகூர்த்தத்தில் மணம் முடித்துவிட வேண்டுமென்று பெற்றோர் விரைகின்றனர். அதனால் பட்டச் சான்று பெட்டிக்குள் போய்விடுகிறது. பெருந்தொற்றால் மூடிக் கிடந்த பள்ளிகளின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டபோது, மாலை வேளையில் குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தன்னார்வலராக முன்வந்தோரில் மிகப் பலர் ஊரில் இருந்த படித்த பெண்களே ஆவர். வாய்ப்பு வாசலுக்கு வந்தால் அவர்கள் தயங்குவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

உள்ளத்தின் சுமை

“என்ன தம்பி, வேலை கிடைத்துவிட்டதா?” என்று ஊரார் அன்பினாலேயே கேட்கின்றனர். ஒரு நாளில் பத்துப் பேர் கேட்கும்போது அது ஊசியாகக் குத்துகிறது. கல்விக் கடன் பெற்றவருக்கோ, படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்ததும் தவணை தொடங்கிவிடும் என்ற கவலை வேறு. அத்தவணை தொடங்குமுன்னரே தந்தையும் மகனும் ஒன்றாக வங்கி மேலாளரைக் கண்டு நிலைமையை எடுத்துரைத்தல் நலம். அறிவிப்புக் கடிதம் வந்த பின் ஒளிந்து திரிவதால் வட்டியும் வளர்கிறது, அச்சமும் வளர்கிறது.

இரண்டு வாரத்திற்கு மேலாக ஓர் இளைஞர் உண்ணாமலும் உறங்காமலும், நண்பரைத் தவிர்த்தும், முன்பு விரும்பியவற்றில் பற்றிழந்தும் இருப்பாராயின், அதனை நோயாகக் கருதி உதவி தேடுதல் வேண்டும். “நான் இருந்து என்ன பயன்?” என்று அவர் சொன்னால், அதனை வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிடலாகாது. சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவும் பரிவோடும் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை. 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

உழவர் பெருமக்கள் இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். பூச்சிமருந்தை வீட்டுப் பரண் மீதும் கட்டிலின் அடியிலும் வைக்கும் வழக்கத்தை இன்றே கைவிடுதல் வேண்டும். தற்கொலை எண்ணம் பல வேளைகளில் சில நிமிடங்களே உச்சத்தில் நிற்கிறது. அந்த நிமிடங்களில் நஞ்சு கைக்கெட்டாதிருந்தால் ஓர் உயிர் தப்பிவிடும். தேவையான அளவே வாங்கி, பூட்டிய பெட்டியில் வைத்துச் சாவியை மறைவாக வைத்துக்கொள்க. எவரேனும் அருந்திவிட்டால், உப்புக் கரைசலோ வேறெதுவோ புகட்டி வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், உடனே 108 ஊர்தியை அழைத்து, மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும். வழக்கு வருமோ என்று அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாமல் காலம் தாழ்த்துவோர் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஆகவே அஞ்ச வேண்டுவதில்லை.

புதுவாழ்வுக்கு வழிகள்

போட்டித் தேர்வு எழுத விரும்புவோர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வதோடு நின்றுவிடலாகாது. அவ்வலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் வாயிலாக இலவசப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்படுகின்றன. எத்தனை ஆண்டுகள் முயல்வது என்பதைக் குடும்பத்தார் தொடக்கத்திலேயே பேசி வரையறுத்துக்கொள்வது நன்று. படிக்கும் காலத்திலும் ஏதேனும் ஒரு பகுதிநேரப் பணியில் ஈடுபடுதல், கைச்செலவுக்கும் உதவும். மனத்திற்கும் உரம் தரும்.

தொழில் தொடங்க விரும்புவோர்க்கு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. 1982ல் கர்நாடகத்து உஜிரேயில் தொடங்கிய ஒரு முயற்சியை முன்மாதிரியாகக் கொண்டு நாடெங்கும் அமைக்கப்பட்ட இவை வங்கிகளால் நடத்தப்படுகின்றன. உணவும் உறைவிடமும் உட்படப் பயிற்சி இலவசம். கடனுக்கும் மானியத்திற்கும் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். வேளாண்மை பயின்றோருக்கென 2002ல் வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம் வகுக்கப்பட்டது. 45 நாள் பயிற்சியும், அதன்பின் பெறும் வங்கிக் கடனுக்குப் பொதுப் பிரிவினர்க்கு 36 விழுக்காடும், மகளிர்க்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கும் 44 விழுக்காடும் மானியமும் அதில் இடம்பெற்றன.

உழவுத் தொழிலிலேயே ஈடுபட விரும்பும் பிள்ளையிடம் தந்தையார் முதலில் ஒப்படைக்க வேண்டியது கணக்குப் புத்தகம். விதை, உரம், உழவு, கூலி ஆகியவற்றோடு வீட்டாரின் உழைப்பையும் விலை வைத்து எழுதினால்தான் எந்தப் பயிர் ஆதாயம், எது இழப்பு என்பது விளங்கும். அடுத்து, அரை ஏக்கர் நிலத்தை ஒரு பட்டத்திற்கு அவர் பொறுப்பில் விட்டுப் பார்க்கலாம். தாம் கண்ட புது முறையைச் செய்து பார்க்க அவருக்கு இடம் கிடைக்கும். தவறு நேர்ந்தாலும் அரை ஏக்கரோடு நின்றுவிடும்.

அயல்நாட்டு வேலை என்று பணம் கேட்போரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2022 முதல் மியான்மர், கம்போடியா போன்ற நாடுகளுக்குக் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட நம் நாட்டு இளைஞர் பலர், இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டுத் துன்புற்றனர். மைய அரசில் பதிவு பெற்ற முகவரா என்று உறுதி செய்துகொள்ளாமல் ஒரு ரூபாயும் கொடுத்தலாகாது. சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்லுதலும் ஆகாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

பெரும் நிதி இன்றியே செய்யக்கூடியவை பல உள. 2006ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊர்தோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. விளையாட்டுத் திடல்களும் அமைந்தன. அவற்றில் எத்தனை இன்று திறந்திருக்கின்றன? ஊர்ப் பட்டதாரிகள் இருவரிடம் சாவியை ஒப்படைத்து, மின்விளக்கும் நாளிதழும் இருக்கைகளும் ஏற்பாடு செய்தால், அதுவே படிப்பகம் ஆகும். திடலில் முள்ளை வெட்டிச் சமன் செய்தால், அதுவே உடற்பயிற்சிக் கூடம் ஆகும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை நடந்துவந்த கிராம சபையை ஆறு முறை நடத்த 2022ல் வழி செய்யப்பட்டது. அவற்றுள் ஒரு கூட்டத்திலேனும் பட்டதாரிகளை முன்வரிசையில் அமர்த்தி, வரவு செலவு அறிக்கையை அவர்களைக் கொண்டே படிக்கச் செய்யலாம். ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்குரிய வயது 21. பெரும்பாலோர் பட்டம் பெறும் வயதும் அதுவே. நாளைய உறுப்பினர்களை இன்றே பழக்கிக்கொள்ளுதல் ஊருக்கு ஆதாயம்.

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை காண முற்படுவார்களாக:

1. நம் ஊராட்சியில் கடந்த மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றோர் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? இன்று என்ன செய்கின்றனர்?

2. நூலகமும் விளையாட்டுத் திடலும் நாள்தோறும் எத்தனை மணி நேரம் பயன்படுகின்றன?

3. கிராம செவிலியரைக் கொண்டு இளம்பெண்கள் அனைவர்க்கும் இரத்தச் சோதனை நடத்த எந்த நாள் ஏற்றது?

4. எத்தனை வீடுகளில் பூச்சிமருந்து பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது?

இந்நான்கினுள் முதல் வினாவுக்குரிய பெயர்ப் பட்டியலை எழுதி முடிக்க ஒரு மாலைப் பொழுது போதும். அப்பட்டியல் உருவான பின், ஒவ்வோர் உறுப்பினரும் தம் தெருவில் உள்ள பட்டதாரிகளின் வீடுகளுக்குச் சென்று, வேலை கிடைத்ததா என்று கேட்பதை விடுத்து, “ஊருக்கு இந்தப் பணி ஆக வேண்டும், நீ வந்து கைகொடு” என்று அழைப்பார்களாக. அழைப்பை எதிர்நோக்கி ஊர்தோறும் இளைஞர் காத்திருக்கின்றனர்.