மந்திரவாதி செத்த பிறகு

போர்ட் பிளேர்

அன்புள்ள மகனுக்கு,

உன் நாவலைப் படித்து முடித்தேன். நடை நன்றாக ஓடுகிறது. ஆனால் உன் மந்திரவாதி முதல் பக்கத்திலேயே கொடியவனாக வந்து நிற்கிறான். அவனைக் கண்டு எனக்குப் பயம் வரவில்லை. நாமும் இப்படி ஆகிவிடுவோமோ என்று தோன்றினால்தான் வாசகனுக்கு உள்ளே நடுங்கும்.

இருட்டுக் கோட்டைக்காக நீ எங்கும் அலைய வேண்டாம். இங்கே வந்து செல்லுலார் சிறையைப் பார். 1906இல் கட்டி முடித்தபோது ஏழு கிளைகள், இன்று மூன்று. ஒரு கிளையின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும்; கைதி கைதியின் முகத்தைக் காணக்கூடாது என்ற ஏற்பாடு. ஜெயிலர் டேவிட் பாரியின் கொடுமையை எல்லோரும் சொல்வார்கள். நீ பெட்டி ஆபீசரைக் கவனி. அவனும் கைதிதான். தண்டனையில் சில வருஷம் கழித்தவர்களிலிருந்தே வார்டர், பெட்டி ஆபீசர், டிண்டால், ஜமாதார் என்று படிப்படியாக ஆள் எடுத்தார்கள். செக்கில் மாடுபோல் சுற்றி, நாளுக்கு 30 ராத்தல் தேங்காய் எண்ணெய் எடுக்கவேண்டிய வேலையிலிருந்து தப்ப அதுதான் வழி. தப்பியவன் கையில் தடி வந்தது. செக்கில் இன்னொருவன் சுற்றினான்.

நம் ஊர்க் கதைகளில் குட்டிச்சாத்தானுக்கு ஓயாமல் வேலை கொடுக்கவேண்டும், நிறுத்தினால் ஏவியவன் மேலேயே பாயும். அந்தத் தடியும் அப்படித்தான். இரக்கம் காட்டுவது மேலே தெரிந்தால் பதவி போய்விடும். உன் மந்திரத்துக்கும் இப்படி ஒரு விதி வை. சின்னச் சலுகைக்காகக் கற்கட்டும். அதன் விலையைப் பக்கத்தில் இருப்பவன் கொடுக்கட்டும்.

முடிவையும் மாற்று. உன் நாயகன் வாளால் வெல்கிறான். இங்கே கைதிகள் சாப்பிட மறுத்தார்கள். 1933 உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாகப் பால் ஏற்றியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் இறந்தார்கள். 1937இல் மறுபடியும் உண்ணாவிரதம். அதற்குப் பிறகுதான் அரசியல் கைதிகளைப் பெருநிலத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அத்தோடு கதை முடிந்ததா? 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். விடுதலை வந்தது என்று நம்பியவர்கள் உண்டு. கொஞ்ச நாளில், ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டுத் தீவுவாசிகளையே அதே அறைகளில் அடைத்தார்கள். மருத்துவர் திவான் சிங் அடிபட்டே 1944 ஜனவரியில் இறந்தார். அதே மாதம் 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டார்கள். ஆண்ட வெள்ளையன் போனான், பூட்டும் சாவியும் அப்படியே இருந்தன.

ஆகவே மந்திரவாதி செத்த பிறகு இன்னும் ஒரு அத்தியாயம் எழுது. அவனுடைய கோலை உன் நாயகன் கையில் கொடு. உடைப்பானா, நல்ல காரியத்துக்கு என்று வைத்துக்கொள்வானா? அவன் வாயால் ஒரு நியாயம் சொல்லவை; அந்த நியாயம் எனக்கே சரியென்று படவேண்டும். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

திருத்தியதை அனுப்பு. பெரியம்மாவுக்கு அந்தக் கிழவி பாத்திரம் பிடித்துப்போயிற்று. அவளை மட்டும் கொன்றுவிடாதே.

ஆசிகளுடன்,
பெரியப்பா