முதல் பட்டா யாருக்கு?

மதுரையை விட்டு எந்தச் சாலையில் வெளியேறினாலும் இன்று கல் ஊன்றிய வயல்கள்தான் கண்ணில் படுகின்றன. தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019இல் அடிக்கல் நாட்டிய பிறகு திருமங்கலம் பக்கம் இந்த வேகம் இன்னும் கூடியது. மனை பார்க்கப் போகிறவர்கள் சென்ட் விலையையும் சாலையின் அகலத்தையும் ஒப்பிட்டுத் தேர்வு செய்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நிலம் முதன்முதலில் யாருக்கு, எந்த வழியில், என்ன நிபந்தனையோடு வந்தது? ஒரே வாய்க்காலில் பாயும் அடுத்தடுத்த சர்வே எண்களில் ஒன்று ரயத்துவாரி பட்டாவாகவும், ஒன்று கோயில் இனாமாகவும், இன்னொன்று ஏழைக்கு அரசு ஒப்படைத்ததாகவும் இருக்கும். மண்ணில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த முதல் வழிதான், நூறு ஆண்டு கழித்து வாங்குகிறவருக்கு உரிமை கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இது உலகெங்கும் உள்ள நிலைதான். வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் பல வழிகளில் நிலம் பெற்றார்கள். விர்ஜீனியாவில் 1618 முதல், தன் செலவில் கடல் கடந்து வந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். பென்சில்வேனியாவில் 1681இல் மன்னர் ஒரே மனிதருக்கு எழுதிக்கொடுத்த பட்டயம். வேறு பல இடங்களில் பூர்வகுடிகளிடமே நேரடியாக விலைக்கு வாங்கினார்கள். அப்படி 1773லும் 1775லும் வாங்கிய நிலத்தின் மீதான வழக்கு 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தனியாருக்கு நிலம் விற்கும் உரிமை பூர்வகுடிகளுக்கு இல்லை என்று சொல்லி, பின்னால் அரசிடம் வாங்கியவர் பக்கம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூர்வகுடிகளுக்கு இழைத்த பெரும் அநீதி அது. வாங்குகிறவர்களுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு: பணம் கொடுத்தது உண்மை, பத்திரம் எழுதியது உண்மை, விற்றவர்கள் அங்கேயே வாழ்ந்ததும் உண்மை, இருந்தும் உரிமை நிலைக்கவில்லை.

நம் பக்கத்தில் இருப்பவற்றுள் முதலில் தேர்வு செய்ய வேண்டியது, தொடக்கம் முதலே ரயத்துவாரி பட்டாவாக இருந்த நிலம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த மன்றோ வலியுறுத்திய இந்த முறையில் உழுகுடிக்கும் சர்க்காருக்கும் நடுவே ஆள் கிடையாது. தீர்வை கட்டியவருக்கு விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை இருந்தது. அதனால் மூலப்பத்திரச் சங்கிலி பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இங்கே பார்க்க வேண்டியது குடும்பப் பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டுச் சட்டம் 1989லேயே, அப்போது மணமாகாத மகள்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட பத்திரம் பாதிப் பத்திரம்தான். கிழக்கே திருப்புவனம் பக்கம் போனால் கதை மாறும். அது பழைய சிவகங்கை ஜமீன். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு செட்டில்மென்ட் அதிகாரி யாருக்குப் பட்டா கொடுத்தார் என்பதுதான் அங்கே மூலம். கொடையாக விட்ட இனாம் கிராமங்களுக்கு 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டங்களின்கீழ் வந்த உத்தரவு வேண்டும். அந்த நகல் கையில் இருந்தால் ஜமீன் நிலமும் இனாம் நிலமும் ரயத்துவாரிக்குக் குறைந்தவை அல்ல. இல்லையென்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் காத்திருப்பதே நல்லது.

கிராம நத்தம் குடியிருப்புக்கான இடம். நெடுநாள் வீடு கட்டி வாழ்ந்தவருக்கு அங்கே உரிமை உண்டு. சின்ன வீட்டோடு வாங்கலாம், எல்லையை அளந்து வாங்க வேண்டும். நிலமற்றவர்களுக்கு அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலத்தில் இத்தனை ஆண்டு விற்கக் கூடாது என்ற விதி ஒப்படை ஆணையிலேயே இருக்கும். ஆணையைப் பார்க்காமல் பேச்சே வேண்டாம்.

பஞ்சமி நிலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹியர் 1891இல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அனுப்பிய அறிக்கையின் விளைவாக, 1892இல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மீறி வேறு ஒருவர் வாங்கினால் அது செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துத் தாழ்த்தப்பட்டவருக்கே கொடுக்கலாம். இந்த நிலங்களை மீட்கக் கோரிய போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

விற்றவரே விரும்பித்தானே விற்றார், தன் நிலத்தை விற்கும் சுதந்திரத்தை அவருக்கு மறுப்பது என்ன நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல இது. ஆனால் கடனுக்கும் மருத்துவச் செலவுக்கும் அடிமாட்டு விலைக்கு எழுதிக்கொடுத்ததை விருப்பம் என்று சொல்ல முடியாது. விற்கவே கூடாது என்றும் நிபந்தனை சொல்லவில்லை. ஒரு சமூகத்துக்கு வந்த நிலம் அந்தச் சமூகத்துக்குள் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. அமெரிக்கத் தீர்ப்பு வலியவருக்குப் போட்ட பாதையை இங்கே அடைக்கப் பார்த்த ஆணை இது. நீங்கள் அந்த வகுப்பைச் சேராதவர் என்றால் பஞ்சமி நிலம் உங்கள் தேர்வுப் பட்டியலிலேயே இருக்கக் கூடாது. நட்டம் வரும் என்பதைவிட, அது உங்களுக்கான நிலம் அல்ல என்பதே முதல் காரணம்.

கோயில் நிலத்துக்கும் பூதான நிலத்துக்கும் பதில் சுருக்கமானது: வாங்காதீர்கள். மீனாட்சியம்மன் கோயில், அழகர்கோயில், திருப்பரங்குன்றம் என்று பெரிய கோயில்களின் நிலங்கள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. அறநிலையத் துறைச் சட்டப்படி ஆணையரின் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. எத்தனை தலைமுறை அனுபவித்தாலும் அதனால் உரிமை பிறக்காது. நிலமற்றவர்களுக்காக நிலம் தானம் கேட்ட வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்குக் கிடைத்த நிலத்தை 1958ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் இவ்விரு வகை நிலங்களைப் பதிவு செய்யத் தடை போடுகிறது. சார்பதிவாளர் பதிந்துவிட்டாரே, வங்கி கடன் தருகிறதே, பட்டாகூட மாறிவிட்டதே என்று தரகர் சொல்லலாம். பதிவு என்பது பத்திரம் எழுதப்பட்டதற்குச் சாட்சி. விற்றவருக்கு உரிமை இருந்தது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. பட்டாவும் தனியாக உரிமைப் பத்திரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

கண்மாய்ப் புறம்போக்கு விஷயத்தில் மதுரைக்காரர்கள் கேட்கும் கேள்வி வேறு. உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில்தானே நிற்கிறது என்பார்கள். உண்மைதான், வருத்தத்துக்குரிய உண்மை. அரசு செய்த தவறு தனியாருக்கு உரிமை தராது. உரிமை போக, தண்ணீரும் தன் இடத்தைத் தேடி வரும்: 2024 அக்டோபர் மழையில் செல்லூர்க் கண்மாய்ப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது.

ஒரு நிலம் இவற்றில் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாலுகா அலுவலகத்தில் கிடைக்கும் அ-பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு நேரே, வலது கோடியில் உள்ள குறிப்புக் கலத்தைப் படியுங்கள். டி.சி. (தாழ்த்தப்பட்ட வகுப்பு, அதாவது பஞ்சமி நிலம்), நிபந்தனை, தேவஸ்தானம் போன்ற சொற்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். 1980களில் யு.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) கணக்குகள் தயாரானபோது பல பழைய குறிப்புகள் விடுபட்டன; அதனால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975இலிருந்துதான் பேசும். அதற்கு முந்தையதை மனுப்போட்டுத் தேடவைக்க வேண்டும். சில வாரம் அலைய நேரும். அதற்குள் வேறு பார்ட்டி வந்துவிடும் என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டிக்கே விட்டுக்கொடுங்கள்; பழைய பதிவேட்டைப் பார்க்கும்வரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.