கணிப்பொறி இயங்க மறுத்தால்...

பொத்தானை அழுத்தியும் கணிப்பொறி இயங்கவில்லையா? பதற வேண்டாம். சிக்னல் விளக்கு எரியாவிட்டால், மின்சாரம் எதுவரை வந்து நிற்கிறது என்றுதான் ரயில்வேயில் படிப்படியாகப் பார்ப்போம். அம்முறை இதற்கும் பொருந்தும்.

1. அதே பிளக்கில் மேசை விளக்கைச் செருகுங்கள். அது எரிந்தால், கணிப்பொறியின் மின்கம்பியையும் பின்புறச் சுவிட்சையும் கவனியுங்கள்.

2. அப்போதும் உள்விசிறி சுழலாவிட்டால், எஸ்.எம்.பி.எஸ். பழுதாகியிருக்கலாம். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றுவது இதுவே. இதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே முறை.

3. விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், முதலில் மானிட்டர் கேபிளை அழுத்திப் பொருத்துங்கள். பயனில்லையெனில் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, ராம் அட்டையைக் கழற்றுங்கள். அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்துங்கள். தேவிகுளம், பீர்மேட்டில் மழைக்கால ஈரமும், சித்தூர்ப் பக்கம் கணவாய்க் காற்றின் தூசியும் இவ்விணைப்பைக் கெடுப்பதுண்டு.

4. இயங்கத் தொடங்கியதும் தேதி பின்னோக்கிப் போயிருந்தால், சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் பட்டன் செல்லை மாற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். அப்போதுதான் பழுது எதுவென்று தெரியும். எவர் சொன்னாலும் அவசரப்பட்டு ஹார்டு டிஸ்க்கை 'ஃபார்மட்' செய்ய இசையாதீர்கள். பெட்டி இயங்காவிட்டாலும், பிள்ளைகளின் பாடக்குறிப்பும் குடும்பப் படங்களும் பெரும்பாலும் அதில் பத்திரமாகவே இருக்கும். வேறொரு கணிப்பொறியில் இணைத்து முதலில் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.