வலி என்னும் காவற்காரன்



கடை வைத்திருப்போர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். இரவில் கடையைப் பூட்டிவிட்டு நாம் நிம்மதியாய்த் தூங்குவது, ஜாகா விழித்திருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான். அவன் தூங்கிவிட்டால் பூட்டு உடைவதும் தெரியாது, சரக்கு போவதும் தெரியாது. விடிந்த பிறகே நஷ்டம் தெரியும். நம் உடம்புக்கும் அப்படி ஒரு காவற்காரனை அல்லாஹ் வைத்திருக்கிறான். அவன் பெயர் வலி.

நான் டாக்டர் அல்ல. மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்தவன். ஆயினும் சென்ற ஆண்டு நான் கண்ட ஒரு காட்சி, இந்த விஷயத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ளும்படி செய்தது. கிள்ளானில் என் கடைக்கு வாடிக்கையாய் வரும் பெரியவர் ஒருவர், பல வருஷமாய் இனிப்புநீர் உள்ளவர், ஒருநாள் மாலை உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறை முழுதும் இரத்தம். உள்ளே ஒரு சிறு ஆணி. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறார். “வலிக்கவே இல்லையே, தம்பி” என்றார், அது ஏதோ நல்ல செய்தி போல. மூன்று மாதத்துக்குள் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வலிக்காததுதான் ஆபத்து என்பது அன்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த உண்மையை உலகுக்கு விளக்கிய ஆராய்ச்சி நம் தாய்நாடான தமிழ்நாட்டிலே நடந்தது. அதைச் செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவரின் மகனாய் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் அறுவை வைத்தியம் கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனவர், அங்கே விரல்கள் மடங்கியும் குறைந்தும் போன கைகளைக் கண்டார்.

அக்காலத்தில் பெரும்பாலோர் எண்ணியது என்ன? அந்த நோய் வந்த சதை கெட்ட சதை. அதில் புண் ஆறாது. விரல் தானே அழுகி விழும் என்பதே. டாக்டர் பிராண்ட் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. கையில் நல்ல நிலையில் இருந்த தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். கத்தி பட்ட இடம் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறிற்று. அப்படியானால் சதையில் குற்றமில்லை. விரல்கள் குறைவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

அவரும் அவரோடு உழைத்தவர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று டாக்டருக்கே திறக்கவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது எலி கடித்தும் சிலர் விரலை இழந்தனர். அதற்காகப் பூனை வளர்க்கச் சொன்னார்கள். நோய்க் கிருமி நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்கியது; காயத்தை உண்டாக்கியதோ சாவியும் நெருப்பும் எலியும் ஆணியும். காவற்காரன் இல்லாத வீட்டில் கொள்ளை நடந்தது.

ரணம் எப்படி ஆறுகிறது என்பதையும் நாம் அறிய வேண்டும். முதலில் இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. பின்பு வெள்ளணுக்கள் வந்து அழுக்கையும் கிருமியையும் அகற்றுகின்றன. அதன்மேல் மெல்லிய இரத்தக் குழாய்களோடு புதிய சிவந்த சதை வளர்கிறது. கடைசியில் ஓரத்திலிருந்து தோல் வந்து மூடுகிறது. உள்ளங்காலில் புண் உள்ளவன் அதன்மேலேயே நடந்தால், ஒவ்வொரு அடியும் அந்தப் புதுச் சதையை நசுக்குகிறது. வலி உள்ளவன் நொண்டி நடப்பான், புண்ணும் ஓய்வு பெறும். ஆகவே நொண்டுவதும் ஒரு ரஹ்மத்தே. வலி அற்றவனோ நேராக நடந்து புண்ணை வளர்ப்பான்.

இதற்கு மருந்து விலை உயர்ந்தது அல்ல. காலை அச்சுப் போல் ஒட்டிப் பிடிக்கும் மாவுக்கட்டு போட்டு, பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடுவதே. இந்தியாவில் 1930களிலேயே தொழுநோய்ப் புண்ணுக்கு இம்முறை கையாளப்பட்டது. டாக்டர் பிராண்ட் 1966இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதையும் கொண்டுபோனார். இனிப்புநீர் உள்ளவர்களின் மரத்த கால்களிலும் அதே புண்ணைக் கண்டு, அதே சிகிச்சையைச் செய்யும்படி மற்ற டாக்டர்களுக்கும் எடுத்துரைத்தார். அவர் 2003இல் காலமானார். அந்த மாவுக்கட்டு இன்றும் பல நாடுகளில் போடப்படுகிறது.

நம் சுங்கை பூலோவில் 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பை அறியாதார் இல்லை. கூட்டு மருந்து வந்தபின் அந்நோய் குணமாகும் நோயாகிவிட்டது. ஆனால் மரத்த கால் நம்மை விட்டுப் போகவில்லை. வேறு வாசலால் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு இனிப்புநீர் உண்டு. இந்திய வம்சத்தாரிடம் அது இன்னும் அதிகம். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கு மீறினால், மிக நீளமான நரம்புகள் முதலில் கெடும். அவை பாதத்துக்குப் போகிறவை. இரத்தக் குழாயும் சுருங்குவதால் ரணம் ஆறத் தாமதமாகும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. தினமும் பாதத்தைப் பாருங்கள். ஒளுச் செய்கையில் ஐவேளையும் கால் கழுவுகிறோம். ஒரு வேளையாவது கண்ணாலும் பார்ப்போம். குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கட்டும், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லட்டும். விரலிடுக்கை ஈரமின்றித் துடையுங்கள்.

2. சப்பாத்தில் கால் நுழைக்குமுன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். என் கடைக்கு வந்த பெரியவர் இதைச் செய்திருந்தால் இரண்டு விரல்களும் மிஞ்சியிருக்கும்.

3. வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஜும்ஆ முடிந்து வெயில் காய்ந்த முற்றத்தில் சிலிப்பரைத் தேடி நடப்பதும், ஹஜ், உம்ரா சென்றவர் சுடுதரையில் நடப்பதும், மரத்த காலைக் கொப்புளமாக்கிவிடும்.

4. ஆணிக்காலைப் பிளேடால் சீவாதீர்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

5. புண் கண்டால் அன்றே கிளினிக்கிற்குப் போங்கள். வலிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். பாதம் வீங்கிச் சூடாக இருந்தால், வலியில்லாவிடினும் உள்ளே எலும்பு முறிந்திருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் டாக்டரிடம் செல்லுங்கள்.

6. வருஷத்துக்கு ஒருமுறை காலைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி உண்டா என்று பார்ப்பார்கள். சில நிமிஷ வேலைதான். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் புகையிலையை விடுவதும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அந்தப் பெரியவர் இப்போதும் என் கடைக்கு வருகிறார். உட்கார்ந்ததும் சப்பாத்தைக் கழற்றித் தட்டிப் பார்ப்பார். நானும் இரவில் கடை சாத்திய பின் என் கால்களைப் பார்க்கிறேன். ஏனெனில் எனக்கும் இரண்டு வருஷமாய் இனிப்புநீர் உண்டு. நம் காவற்காரன் தூங்கிவிட்டால், நாமே விழித்திருப்பதைத் தவிர வழியில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் அவயவங்களையும் காத்தருள்வானாக. ஆமீன்.