பீமைத் தாண்டும் பைப்

அன்னூர் பக்கம் ஒரு நூற்பாலைக்கு ரெவிட்டில் மின்சார டிராயிங் போடுகிறேன். பீம் குறுக்கிடும் இடத்திலெல்லாம் கான்ட்யூட் 90 டிகிரியில்தான் வளைகிறது. ஒயர் இழுக்க வராது என்கிறார் எலக்ட்ரீஷியன். என்ன செய்வது?
– வாசகர், அன்னூர்

அவர் சொல்வது சரிதான். பீமுக்கு அடியில் இறங்கி மறுபடி ஏற நான்கு வளைவுகள் வேண்டும். எல்லாம் 90 என்றால் மொத்தம் 360 டிகிரி. இரண்டு புல் பாக்ஸுக்கு நடுவே அமெரிக்க மின்விதி அனுமதிக்கும் உச்சவரம்பே அதுதான். ஒரே பீமில் தீர்ந்துவிடும். 45 டிகிரியில் வளைத்தால் 180தான் ஆகும், ஒயரும் சுலபமாக ஓடும்.

பிளானில் உயரத்தை மாற்றி வரைந்தால் ரெவிட் செங்குத்தாகத்தான் இறக்கும். அதனால் அந்த இடத்தில் ஒரு செக்‌ஷன் எடுங்கள். எஸ்.எல். தட்டி, பீமுக்கு இருபுறமும் கான்ட்யூட்டை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் வரும் கப்ளிங்கை அழித்துவிட்டு, நடுத்துண்டைக் கீழே இறக்குங்கள். அதன் முனைகளைச் சற்று உள்ளே இழுத்து, முனைக்கு முனை சாய்வாக வரையுங்கள். வளைவு தானாக வந்து சேரும். 300 மி.மீ. இறக்கத்துக்குச் சாய்வு நீளம் சுமார் 424 மி.மீ.; வளைவின் ஆரத்துக்கும் இடம் விடுங்கள்.

பீமையே துளைத்துப் போகலாமே என்று யார் சொன்னாலும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் சம்மதிக்காதீர்கள்.